சலேத்தின் இரண்டு கடல்கள்

ஆலாந்தீவுக்கு இரண்டு கடல்கள் உண்டு. தெற்கே உள்ளது ஆழமும் கோபமும் கொண்டது, வடக்கே உள்ளது இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கவிடுகிற சாது, இரண்டுக்கும் நடுவில் நாற்பத்தொரு வீடுகளும் ஒரு கோயிலும் ஒரு நல்லதண்ணீர்க் கிணறுமாக நாங்கள் குடியிருந்தோம். அந்த இரண்டு கடல்களும் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சலேத்தின் இரண்டு உள்ளங்கைகளில் வந்து இறங்கின, தென்கடல் இடது கையிலும் வடகடல் வலது கையிலும். ஏன் அவளுக்கு, ஏன் அன்றைக்கு என்று வெளியூர்க்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். எங்களுக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. சூடை மீன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் அன்று எங்கள் அவசரமாக இருந்தது.

சலேத் என்றால் தண்ணீர் பிடிக்கிற சலேத். அக்கரையில் இருக்கிற கடல் ஆராய்ச்சி ஆபீஸுக்காகத் தினமும் விடிந்ததும் தீவைச் சுற்றி ஆறு இடங்களில் இடுப்பளவு இறங்கி, புடவைத் துணியைவிடப் பொடிக்கண்ணுள்ள கூம்பு வலையை இழுத்து, அதன் அடியில் சேருகிற கலங்கலை ஆறு பாட்டில்களில் பிடித்து, கெடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் நாலு சொட்டு அயோடின் விட்டு, நாளும் இடமும் எழுதி ஒட்டி, காலைப் படகில் அனுப்பிவைப்பது அவள் வேலை. அந்தக் கலங்கலில் இருப்பது கடலின் பயிர். கண்ணுக்குத் தெரியாது, வேர் கிடையாது, நீரோட்டம் போன பக்கம் போகும். ஆனால் சூடையும் நெத்திலியும் அதைத் தின்றுதான் பிழைக்கின்றன, பெரிய மீன் சூடையைத் தின்று பிழைக்கிறது, நாங்கள் எல்லாவற்றையும் தின்று பிழைக்கிறோம். தீவைச் சுற்றி அந்தப் பயிர் கொஞ்சம் கூடுதலாகவே விளையும் என்றும், கடலுக்கு உடம்பு சரியில்லை என்றால் மீனுக்கு முன்னால் அதற்குத்தான் தெரியும் என்றும் ஆபீஸ்காரர்கள் சொல்வார்கள். எங்களுக்கு நிறம்தான் தெரியும். தவிட்டு நிறமாக இருந்தால் பயிர் செழிப்பு, மீன் உண்டு. மரத்தூள் கொட்டியதுபோலத் துருநிறத்தில் மிதந்தால் தண்ணீர் சூடேறுகிறது. பூங்கோரை என்கிற பச்சைப் படலம் படர்ந்துவிட்டால் மீன் மூச்சுமுட்டிச் செத்து ஒதுங்கும், வலையைச் சுருட்டிவைத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டியதுதான்.

சலேத்தைப் பற்றிச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது, சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருந்தாலும். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் ஞானப்பு தென்கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் வரவில்லை. ஆள் வந்தால் அவள் பெண்டாட்டி, உடல் வந்தால் அவள் விதவை, இரண்டும் வராதவளை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியாமல் எங்கள் முன்னோர்கள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திவிட்டுப் போயிருந்தார்கள்: கடல் அவனை இன்னும் பிடித்திருக்கிறது, அந்தப் பிடி அவள்வரை நீண்டிருக்கிறது, ஆகையால் அவள் கையில் எதையும் கொடுக்கக்கூடாது, அவள் கையிலிருந்து எதையும் வாங்கக்கூடாது, கீழே வைக்க வேண்டும், அவள் எடுத்துக்கொள்வாள். நாங்கள் கெட்டவர்கள் இல்லை. திருநாளுக்குப் பொங்கிய சோறு கொடுத்தோம், காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுத்தோம், புதுப் புடவைகூடக் கொடுத்தோம், எல்லாவற்றையும் கீழே வைத்துக் கொடுத்தோம். பதினொரு வருஷமாக அவளை ஒரு மனிதரும் தொட்டதில்லை என்பது எங்களுக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. அவளுக்கு ஒவ்வொரு நாளும் உறைத்தது.

அந்த வெள்ளிக்கிழமை படகுத்துறைக் கல்லில் பாட்டில்களை வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, மீனவர் சங்கத் தலைவர் சேசடிமை அவள் கைகளைப் பார்த்துவிட்டார்.

"என்ன தாயி, அயோடினக் கொட்டிக்கிட்டியா?"

"இல்ல மாமா. எந்திரிச்சப்பவே இப்பிடித்தான் இருந்துச்சு. சோப்புப் போட்டுத் தேச்சும் போகல."

சேசடிமை கிட்டே வந்து குனிந்தார். இடது கை தவிட்டு நிறம், வலது கை துருநிறம், நிறம் நின்ற இடத்தில் நிற்காமல் விரல் பக்கமிருந்து மணிக்கட்டுப் பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது, அன்றைக்குக் கடலில் நீரோட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக. அவர் தலையைத் தூக்கித் தென்கடலைப் பார்த்தார், வடகடலைப் பார்த்தார், பிறகு தன்னையறியாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பினார். துறையில் நின்ற அத்தனை பேரும் அப்படியே நின்றோம். சேசடிமைக்கு அப்போதுதான் தான் செய்தது விளங்கியது. தன் கையைப் பார்த்தார், அது அவர் தோளில்தான் இருந்தது, இடி விழவில்லை, படகு கவிழவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, சங்கக் கூட்டத்தில் தீர்மானம் படிக்கிற குரலில் சொன்னார்:

"சலேத்தத் தொட்டாத்தான் தப்பு. இது சலேத்து இல்ல. இது கடலு. கடலத் தொடாத ஆளு இங்க யாரு இருக்கா?"

யாரும் இல்லை. அன்று எல்லாரும் தென்கடலுக்குப் போனோம், வள்ளம் தாழ்கிற அளவுக்குச் சூடை கிடைத்தது.

மறுநாளிலிருந்து அது ஒரு முறையாகிவிட்டது. விடியற்காலை படகு தள்ளுமுன் ஒவ்வொருவராக வந்து சலேத்தின் இடது கையைப் பிடித்துப் பார்ப்போம், வலது கையைப் பிடித்துப் பார்ப்போம், எங்கே நிறம் கூடியிருக்கிறதோ அந்தப் பக்கம் போவோம். சுண்டுவிரல் ஓரம் கிழக்கு, கட்டைவிரல் மேடு தெற்கே பவளப்பாறை மேடிட்ட பார்த்திட்டு என்று ஒரு வாரத்தில் முழுக் கையையும் படித்துவிட்டோம். கையைப் பிடிக்குமுன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிற பழக்கம் யார் ஆரம்பித்தது என்று தெரியாது, பத்து நாளில் எல்லாரும் போட்டுக்கொண்டோம். பெண்கள் கயிற்றில் கடல்பாசி கட்டி வளர்ப்பதற்குப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருமுறை வலது கை கரும்பச்சையாகி ஊறல் எடுத்து அரித்தது, நாங்கள் வடகடலில் கட்டியிருந்த பாசியை அவசரமாக அவிழ்த்துக் கரையேற்றினோம், மூன்றாம் நாள் பூங்கோரை வந்து அக்கரையில் மீன் செத்து மலைபோல ஒதுங்கியது, எங்களுக்கு ஒரு சேதமும் இல்லை. ஆராய்ச்சி ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்து அவள் கையை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து ஒரு பகல் முழுக்கப் பார்த்தார்கள், பயிர் வகை முப்பத்தேழு இருக்கிறது என்று எழுதிக்கொண்டார்கள், பிறகு பாட்டில் அனுப்புவதை நிறுத்திவிட வேண்டாம், கையைப் பாட்டிலில் போட முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கரைக்கும் ஒருமுறை கூட்டிப்போனார்கள். இடையிலுள்ள கடல்கால்வாயில் பாதி தாண்டியதும் நிறம் வடிந்து, அவளுடைய சொந்த ரேகைகள், ஆயுள் ரேகை முதற்கொண்டு, பழையபடி தெரிந்தன. திரும்பித் தீவில் கால் வைத்ததும் கடல் மறுபடி ஏறிக்கொண்டது.

மற்றதெல்லாம் முன்போலவே இருந்தது. காலையில் அவள் கையைப் பிடித்துப் பார்த்த அதே பிரகாசி, வள்ளக்காரன் பர்க்மான்ஸின் பெண்டாட்டி, பத்து மணிக்குக் குழம்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவள் வாசலில் கீழே வைத்துவிட்டு, "அக்கா, கொழம்பு வச்சிருக்கேன்" என்று தள்ளி நின்று சொல்லிவிட்டுப் போவாள். இதில் எங்களுக்கு ஒரு முரணும் தெரியவில்லை. அது கடல், இது சலேத்.

சலேத்துக்கு அதுவும் போதுமாக இருந்தது. இதெல்லாம் அவளே பிறகு சொன்னதுதான். முதல் நாள் கூட்டம் கலைந்த பிறகு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பிடிபட்ட இடமெல்லாம் சூடு மிச்சம் இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தாளாம். கொஞ்ச நாளில் கண்ணை மூடிக்கொண்டே யார் கை என்று சொல்லிவிடுவாள்: சேசடிமையின் கை வறட்சி, பர்க்மான்ஸுக்கு நடுவிரல் பாதி இல்லை, பிரகாசியின் கையில் எப்போதும் ஈரம். மதியம்வரைக்கும் கையை நனைக்க மனம் வராமல் கரண்டியால் சாப்பிட்டாள். தேங்காயெண்ணெய் தடவி நகம் வெட்டி வைத்துக்கொண்டாள். அவர்கள் தன்னைப் பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் தினமும் அறுபது பேர் பிடிக்கிற கை, ஒருவரும் பிடிக்காத கையைவிட எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டாள்.

அதைக் கெடுத்தது பர்க்மான்ஸின் யோசனை. நல்ல மனுஷன், சோம்பேறி.

"எதுக்குப்பா இத்தன பேரு வரிசையில நிக்கணும்? மதினி ஒரு போட்டோ எடுத்து குரூப்புல போட்டுட்டா, அவுகவுக வீட்டுல இருந்து பாத்துட்டுப் போயிருவோம்ல?"

அன்று மாலையே 'ஆலாந்தீவு கை' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டானது. சேசடிமை வீட்டிலிருந்த பழைய போனை அவளுக்குக் கொடுத்தோம், கீழே வைத்துத்தான். விடிந்ததும் இரண்டு படம் வரும், நாங்கள் பாயில் படுத்தபடியே பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டுக் கிளம்புவோம். எவ்வளவு வசதி என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம். சலேத் படகுத்துறைக் கல்லின் பக்கத்தில் வழக்கம்போல வந்து நின்றாள், நாங்கள் தள்ளியே கடந்து போனோம். அவளைப் பொறுத்தவரை பதினொரு வருஷம் போதாது என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது போல இருந்தது.

பத்தாம் நாள் அவள் முதல் பொய்யைச் சொன்னாள். "போட்டோல நிறம் சரியாத் தெரியல. துரு எல்லாம் தவிடு மாதிரி விழுது. நேர்ல வந்து பாருங்க" என்று எழுதினாள். நம்பினோம், மறுநாள் எல்லாக் கைகளும் திரும்பி வந்தன. அவள் முகத்தில் அன்று இருந்த சிரிப்பை நாங்கள் காலை வெயிலின் கூச்சம் என்று நினைத்தோம்.

மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று வர வேண்டிய மாதத்தில் வரவில்லை. தென்கடல் கண்ணாடிபோலத் தெளிந்து கிடந்தது, அடியில் கிடக்கிற பவளப்பாறை சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துத் தெரிந்தது. வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு என்ன அழகு என்றார்கள். அப்படியொரு காலையில் சலேத் எழுந்து கையைப் பார்த்தாள்; இரண்டு கையிலும் ஒன்றுமில்லை. நிறம் மட்டுமல்ல, ரேகையும் இல்லை, கழுவிய பீங்கான் தட்டைப்போல வழுவழுவென்று இருந்தது. பொய் சொன்னதற்காக ஆண்டவர் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டார் என்றும், எடுத்த வேகத்தில் ரேகையையும் சேர்த்து எடுத்துவிட்டார் என்றும் அவள் நினைத்தாள். வெளியே முதல் ஆள் இருமுகிற சத்தம் கேட்டது. அலமாரியில் அயோடின் பாட்டில் இருந்தது. இரண்டு சொட்டு போதும், தவிட்டு நிறம் அச்சாக வந்துவிடும். இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டு வெளியே போய் நின்றாள்.

"ஆகா" என்றார் சேசடிமை.

ஒன்பது நாள் பூசினாள். ஒன்பது நாளும் நாங்கள் நல்ல நிறம் பார்த்துப் போய் வெறும் வலையோடு வந்தோம். நிறம் நகரவில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல சேதியை யாரும் இரண்டு தடவை பார்ப்பதில்லை. வலையைக் குறை சொன்னோம், என்ஜினைக் குறை சொன்னோம், ஒருவரையொருவர் குறை சொன்னோம், சலேத்தின் கையை மட்டும் ஒருவரும் சந்தேகப்படவில்லை. வீடுகளில் குழம்பு தண்ணீரானது, பிறகு கஞ்சியானது. அந்தக் கஞ்சியிலும் ஒரு பங்கு அவள் வாசலில் வைக்கப்பட்டது. அவளுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை, ஆனால் விடிந்ததும் பிடிக்க வந்த கைகளை வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

பத்தாம் நாள் பர்க்மான்ஸின் வள்ளம் திரும்பவில்லை.

முதல் நாள் சாயங்காலம்வரை யாரும் பயப்படவில்லை. மறுநாள் காலையில் ஐந்து வள்ளங்கள் பார்த்திட்டு ஓரமாகத் தேடப் போயின. பிரகாசி கரையில் உட்கார்ந்துவிட்டாள். மணலை அள்ளி அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு மறுநாள் மதியம் பக்கத்து வீட்டுப் பெண் டீ கொண்டுவந்தாள், பிரகாசி கையை நீட்டினாள், அந்தப் பெண் ஒரு கணம் தயங்கிவிட்டு டம்ளரை மணலில் வைத்துவிட்டுத் தள்ளிப்போனாள். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கை தானாகவே தாழ்ந்துவிட்டது. பிரகாசி நீட்டிய கையை நீட்டியபடியே வைத்துக்கொண்டு டம்ளரைப் பார்த்தாள்.

இருபதடி தள்ளி நின்ற சலேத்தும் அந்த டம்ளரைப் பார்த்தாள். அவள் நேராகச் சேசடிமையிடம் நடந்து வந்தாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மாமா, பார்த்திட்டுல தேடாதீக. அங்க ஒண்ணுமில்ல. என் கையில இருந்தது நெசம் இல்ல, நான் பூசினது. அயோடின். பத்து நாளா பூசுறேன். கொழுந்தனாரு கையப் பாத்துட்டுத் தவிட்டுத் தண்ணியத் தேடித் தெக்க போய்க்கிட்டே இருந்திருப்பாரு. அது எங்கயும் இல்ல. டீசல் தீருற மட்டும் போயிருப்பாரு. வெளிக்கடலுக்குப் போங்க. இப்பவே போங்க."

"ஏன்டி?" என்று கேட்டார் சேசடிமை. கோபத்தில்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"கை வெறுமையா இருந்தா யாரும் புடிக்க மாட்டீகளே மாமா."

பிரகாசி எழுந்து வந்தாள், மணல் ஒட்டிய கையால் சலேத்தின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அந்தச் சத்தம் கோயில் சுவர்வரை போய்த் திரும்பியது. பதினொரு வருஷத்தில் கடலுக்காக இல்லாமல் சலேத்துக்காகவே அவள் உடம்பில் பட்ட முதல் கை அது. சலேத் கன்னத்தைத் தடவிக்கொள்ளவில்லை. இன்னொன்று விழுமா என்று காத்திருந்ததுபோல அப்படியே நின்றாள்.

பர்க்மான்ஸை வெளிக்கடலில் அன்று சூரியன் சாயும் வேளையில் கண்டுபிடித்தார்கள், டீசல் தீர்ந்து, தார்ப்பாயைப் பாயாகக் கட்டி, உதடு வெடித்து, உயிரோடு. பார்த்திட்டு ஓரமே தேடிக்கொண்டிருந்தால் கிடைத்திருக்க மாட்டான்.

மறுநாள் சேசடிமை சலேத்தைத் துறைக்குக் கூப்பிட்டு, ஊர் பார்க்க, கையைக் கழுவச் சொன்னார். அயோடின் போன பிறகு இருந்த வழுவழுப்பை வெகுநேரம் பார்த்தார். தொடவில்லை, குனிந்துதான் பார்த்தார்.

"அக்கரைக்குப் போனப்ப ஒன் கையில ரேக இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு மாமா."

"இப்ப இங்க அதுவும் இல்ல. அப்ப இது ஒன் கை இல்ல, இன்னமும் கடலுதான். கடலு ஒன்ன விட்டுப் போகல. கடல்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லியிருக்கு. மொத நாளே சொல்லியிருக்கு, நீதான் எங்கள்ட்டச் சொல்லல."

பயிர் இல்லை, இரண்டு பக்கமும் இல்லை, அந்தச் சூட்டில் கட்டியிருந்த கடல்பாசியும் வெளுத்து உதிர்ந்துவிட்டது. சங்கம் கூடியது. அக்கரையில் நாலு ஊர் தள்ளி, ஆறு கடலில் கலக்கிற இடத்தில் இன்னும் மீன் இருக்கிறது, உறவுக்காரர்களின் கொட்டகை இருக்கிறது, கடல் தேறுகிறவரை அங்கே போய் இருப்போம் என்று முடிவானது. கடல் தேறியது எப்படித் தெரியும் என்று யாரோ கேட்டார்கள். எல்லாரும் சலேத்தைப் பார்த்தோம்.

தீவைவிட்டால் கை வெறும் கைதான். ஆகவே அவள் இருக்க வேண்டும். தினமும் படம் அனுப்ப வேண்டும். பத்து நாளைக்கு ஒருமுறை அரிசியும் சாமானும் துறைக் கல்லில் வைத்துவிட்டுப் போக ஆள் வரும். அவள் செய்ததற்கு இது தண்டனை இல்லை என்று சேசடிமை இரண்டு முறை சொன்னார். தண்டனைதான், அது எங்களுக்கும் வசதியாக இருந்தது.

"சரி மாமா" என்றாள் சலேத்.

நாங்கள் ஆடும் கோழியும் பாயும் பாத்திரமுமாக ஒரே வாரத்தில் கிளம்பினோம். கடைசி வள்ளம் தள்ளும்போது அவள் துறையில் நின்றாள். கை காட்டலாமா என்று நினைத்தோம், அந்தக் கையைப் பார்க்கப் பிடிக்காமல் காட்டவில்லை.

அதன்பிறகு தினமும் விடிந்ததும் இரண்டு படம் வந்தது. இரண்டு வெறுங்கை. நாங்கள் கட்டைவிரலைத் தட்டினோம். தீவில் அவள் என்ன செய்தாள் என்று நாங்கள் கேட்கவில்லை, அவளாகவும் அப்போது சொல்லவில்லை. நாற்பத்தொரு வீட்டு வாசலையும் முறைவைத்துப் பெருக்கினாளாம். கோயில் மணியை மூன்று வேளையும் அடித்தாளாம், கேட்க ஆள் இல்லாததால் கொஞ்சம் கூடுதலாகவே அடித்தாளாம். ஆறு இடத்திலும் இறங்கி வலையை இழுத்தால் பாட்டிலில் குடிக்கிற தண்ணீர்போலத் தெளிவாக விழும், அதிலும் நாலு சொட்டு விட்டு, நாளும் இடமும் எழுதி ஒட்டி வைத்தாளாம். சில நாள் தன் இடது கையை வலது கையால் பிடித்துப் பார்த்திருக்கிறாள். இரண்டும் கடல், நடுவில் தான் இல்லை என்று தோன்றி விட்டுவிட்டாளாம்.

அயோடின் பாட்டில் அலமாரியில்தான் இருந்தது, பாதிக்கு மேல் மிச்சம். இரண்டு சொட்டுப் பூசி ஒரு படம் எடுத்தால் மறுநாள் மதியத்துக்குள் நாற்பத்தொரு வீடும் நிறைந்துவிடும், துறையில் இரைச்சல் இருக்கும், எல்லாக் கைகளும் வரும். அவர்கள் அறைந்தால் அறையட்டும். தினமும் அவள் அந்தப் பாட்டிலைப் பார்த்தாள், தினமும் வெறுங்கையைப் படம் எடுத்தாள். ஐம்பத்துமூன்றாம் நாள் காலையில் மூடியைத் திறந்தே விட்டாள். வாசனை மூக்கில் ஏறியது. மணலில் வைத்த அந்த டீ டம்ளர் ஞாபகத்துக்கு வந்தது. மூடியை மூடிவிட்டு, வெறுங்கையையே படம் எடுத்து அனுப்பினாள். பிறகு போனைக் கீழே வைக்காமல், ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, படத்துக்குக் கீழே எழுதினாள்:

'கடலில் இன்றும் ஒன்றும் இல்லை. மீனுக்கு யாரும் வர வேண்டாம். எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை. என்னைப் பார்க்க யாராவது வாருங்கள்.'

அவள் போக அறுபத்திரண்டு பேர் இருந்த குழு அது. அறுபத்திரண்டு பேரும் பார்த்தோம். கட்டைவிரலைத் தட்டப்போய், தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் போனைக் கவிழ்த்து வைத்தோம். சேசடிமை போவார் என்று நாங்கள் நினைத்தோம், பெண்கள் யாராவது போவார்கள் என்று சேசடிமை நினைத்தார், அன்றைக்கு நல்ல மீன்பாடு வேறு. பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

பிரகாசி கொட்டகையில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போனை இரண்டாம் முறை எடுத்துப் படித்தவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"படக எடுங்க" என்றாள் பர்க்மான்ஸிடம்.

"இப்பவா? வலையெல்லாம் பிரிச்சுப் போட்டுக் கெடக்கே."

"வல எதுக்கு?"

பர்க்மான்ஸ் எங்கள் பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "அன்னிக்கு அந்த அறை அறைஞ்ச..." என்று இழுத்தான்.

"அறைஞ்சேன். இல்லன்னா சொன்னேன்? ஒரு பொழுது எனக்கும் டம்ளரக் கீழதான் வச்சாக. ஒரே பொழுது. கிறுக்குப் புடிச்சிரும்போல இருந்துச்சு." எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "அந்த அக்கா பதினோரு வருசமா எப்பிடி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல. கேக்கணும்."

மதியம் சாய்ந்த வேளையில் சலேத் எங்கள் சேசடிமை வீட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். என்ஜின் சத்தம் கேட்டுத் துறைக்கு ஓடினாள். அரிசிப் படகுக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது. வள்ளம் நேராக வந்தது. அதில் வலையில்லை, ஐஸ் பெட்டியில்லை, கூடையில்லை, இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். வந்தது பிரகாசி என்று தெரிந்ததும் அவளுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. பழக்கதோஷத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மேலே தூக்கிக் காட்டினாள், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று.

"அத எறக்குங்கக்கா" என்றாள் பிரகாசி. "யாரு கேட்டா இப்ப? கல்லு வழுக்குது, கையக் குடுங்க, எறங்கணும்."

சலேத் தயங்கித் தயங்கி வலது கையை நீட்டினாள். பிரகாசி அதைப் பிடித்துக்கொண்டு வள்ளத்திலிருந்து கல்லுக்குத் தாண்டினாள். இறங்கிய பிறகும் விடவில்லை, திருப்பிப் பார்க்கவும் இல்லை; பிடித்தபடியே, வழிநெடுகப் பெருக்கிக் கிடந்த வாசல்களைத் தாண்டி, இன்றைக்கு என்ன பொங்கினீர்கள் என்று கேட்டுக்கொண்டே அவள் வீட்டுப் பக்கம் நடந்தாள்.